நடு விளக்கின் பொருள் கோரி நான்காம் முறை

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை
(மாணவியர் வழக்கில் ‘பிரேக்கு அக்கா’),
பெண்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி,
சலவைக் கடை மாடி,
நாற்சந்தி சிக்னலுக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: சிக்னலில் நடுவில் எரியும் மஞ்சள் விளக்கின் பொருளை ஒரு வரியில் எழுத்து மூலம் தெரிவிக்கவும், அவ்விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்திய என் நாத்தனாரின் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யாதிருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த மூன்று மனுக்கள். (பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. முந்தைய மூன்று மனுக்களையும் தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் மனு எழுதுபவர் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கதையெல்லாம் வேணாம்மா, மேல இருக்கறவங்க படிக்க மாட்டாங்க” என்று அரைப் பக்கத்தில் முடித்தார். அந்த அரைப் பக்கத்தையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எப்படியும் படிக்கப்போவதில்லை என்றால் முழுவதையும் எழுதிவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்று பட்டதால் இந்த மனுவை நானே எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ‘ஐயா’ என்று விளித்திருப்பதையும் சேர்த்துத்தான். அந்த நாற்காலியில் இப்போது ஐயா இருக்கிறாரா அம்மா இருக்கிறாரா என்று வாசல் காவலாளியிடம் விசாரித்தேன். “போன வாரம் ஐயா. இந்த வாரம் தெரியல” என்றார்.

2. நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தங்கள் துறை அளித்த பயிற்சி அனுமதிச் சான்று என் வகுப்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. என் பயிற்சிக் காரில் ஆசிரியை அமரும் இருக்கைக்கு ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது, காலடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. மாணவி தவறினால் அதை நான் மிதிப்பேன். அதனால் வந்த பெயர்தான் பிரேக்கு அக்கா. கடைத்தெருவில் முகம் மறந்துபோன பெண்கள்கூட அப்படிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படுகிறது.

3. என் வகுப்பறையில் பிஸ்கட் டப்பாவில் செய்த சிக்னல் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரீஷியனான என் கணவர் டப்பாவில் மூன்று ஓட்டை போட்டு, மூன்று பல்பு பொருத்தி, வண்ணக் காகிதம் ஒட்டிச் செய்து கொடுத்தது. முதல் நாள் வகுப்பு அதில்தான் தொடங்கும். சிவப்பு ஏன் மேலே இருக்கிறது என்று கேட்பேன். முன்னால் நிற்கும் வண்டிகளின் தலைக்கு மேலாக, தூரத்தில் வருபவருக்கும் முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்பதால். பச்சை கீழே. இந்த வரிசை எங்கும் மாறக்கூடாது. எங்கள் பக்கத்துத் தெருத் தச்சருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். அவர் நிறம் பார்த்து நிற்பதில்லை, இடம் பார்த்து நிற்கிறார். “மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். அவ்வளவுதான்மா நம்ம படிப்பு” என்பார். “நடுவுல எரிஞ்சா?” என்று ஒருமுறை கேட்டேன். “பின்னாடி யாரு வர்றான்னு பார்ப்பேன்” என்றார். அன்று எல்லோரும் சிரித்தோம்.

4. மேல் விளக்கு குறித்தும் கீழ் விளக்கு குறித்தும் எனக்கும் துறைக்கும் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. நடு விளக்கில்தான் தகராறு. நடுவில் பிறந்த பிள்ளையின் கதைதான் அதுவும். மூத்ததற்கு மரியாதை, கடைக்குட்டிக்குச் செல்லம், நடுவில் உள்ளதை எல்லோரும் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். நான் எங்கள் வீட்டில் நடுப்பிள்ளை, அதனால் தெரியும். மஞ்சள் வந்தால் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். கால் பிரேக்குக்குப் போக வேண்டும். கண், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிக்குப் போக வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துத் திட்டுவார், பதிலுக்குத் திட்டக்கூடாது. கோட்டுக்கு முன்னால் பத்திரமாக நிறுத்த முடியுமென்றால் நிறுத்தியே தீர வேண்டும், முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டும் கடந்து போகலாம். இது என் சொந்தச் சரக்கு அல்ல, தங்கள் துறையின் கையேட்டில் உள்ளது. தேர்விலும் இந்தக் கேள்வி வருகிறது. ‘நிற்க வேண்டும்’ என்று எழுதினால்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

5. என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, முப்பத்தெட்டு வயதில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவரைக் கட்டிக்கொண்டவர் கைவிட்டுப் போன பிறகு எங்களோடு வந்து தங்கியிருந்த காலம் அது. பயந்த சுபாவம். முதல் வாரம் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் அவர் விரல்கள் வெளுத்துப் போகும். “அண்ணி, எனக்கெல்லாம் இது வருமா?” என்று தினமும் கேட்பார். வந்தது. என்னிடம் படித்தவர்களிலேயே விதிப்படி ஓட்டுகிறவர் அவர்தான் என்று நான் வெளியிலும் சொல்லியிருக்கிறேன். உறவு என்பதற்காகச் சொல்லவில்லை. காலித் தெருவிலும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிறவரை வேறு என்னவென்று சொல்வது. “யாருக்காகடி போடறே, காக்காவுக்கா?” என்று அவர் அண்ணன் கிண்டல் செய்வார். எங்கள் கீழ்த்தளத்துச் சலவைக் கடையில் அவருக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் காலையில் எடுத்து வந்து மாலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்த அன்று வேன் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

6. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில், என் வகுப்பறை ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள அதே நாற்சந்தியில், அவர் சலவை வேனில் வந்துகொண்டிருந்தார். மஞ்சள் விழுந்தது. கால் பிரேக்குக்குப் போனது. கண் கண்ணாடிக்குப் போனது. வேன் கோட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரி நிற்கவில்லை. அது மோதிய வேகத்தில் வேன் கோட்டைத் தாண்டிச் சந்திப்புக்குள் தள்ளப்பட்டு இரும்புத் தடுப்பில் போய் முட்டியது. நான் அப்போது புது மாணவிகளுக்கு டப்பா சிக்னலைக் காட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினேன். நடுத்தெருவெல்லாம் வெள்ளை விரிப்புகள் இறைந்து கிடந்தன.

7. அவருடைய வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. டாக்டர் சொன்ன காரணத்தைத் தாங்கள் அறிய வேண்டும். “கால் பிரேக்குல விறைப்பா இருந்திருக்கு. அதனால அடி முழுக்க முட்டிக்குப் போயிருச்சு. லேசா வெச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது” என்றார். அழுத்தி மிதிக்கச் சொல்லிக் கொடுத்தது நான். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “அண்ணி, நீங்க சொன்னபடிதானே நின்னேன்?” என்பது. கோபமாகக் கேட்கவில்லை. தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளை விடை சரியா என்று கேட்குமே, அப்படிக் கேட்டார். “சரியாத்தான் நின்னே” என்றேன். அதற்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

8. லாரி ஓட்டுநரைக் குறித்து எனக்குப் புகார் இல்லை. அவர் மறுநாளே ஒரு பை ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “அக்கா, தப்பு என்னோடது இல்லைன்னு சொல்ல வரல. ஆனா இத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன், மஞ்சள்ல முன்னாடி வண்டி நின்னு நான் பார்த்ததே இல்ல. மஞ்சள் போட்டதும் அவங்க அழுத்துவாங்கன்னு நினைச்சு நானும் அழுத்தினேன்” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆப்பிளை வாங்கிக்கொண்டோம். பிறகு விசாரணையில் அவர் லாரி முதலாளி சொல்லிக் கொடுத்தபடி பேசினார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிழைப்பு அப்படி.

9. தங்கள் அலுவலகத் தரைத்தளத்தில் உள்ள உரிமப் பிரிவில் முதல் விசாரணை நடந்தது. நாத்தனார் அக்குளில் ஊன்றுகட்டைகளோடு வந்தார். உட்காரச் சொன்னார்கள், ஆனால் இருந்த ஒரே நாற்காலியில் கோப்புகள் இருந்தன. நானே அவற்றை எடுத்துத் தரையில் வைத்தேன், அதற்காக ஒரு பார்வை கிடைத்தது. துணைக்கு வந்தவர் வாய் திறக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். விசாரணை அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “நிறுத்தறதுக்கு முன்னாடி கண்ணாடியில பார்த்தீங்களா?” பார்க்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் கவனக்குறைவு என்று எழுதிவிட்டு, எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள் என்று பிறகு அந்த அறையின் குமாஸ்தாவே என்னிடம் சொன்னார். என் நாத்தனார் உண்மையைச் சொன்னார். “பார்த்தேன் சார். லாரி வந்துட்டிருந்தது. தூரமாத்தான் இருந்தது. மஞ்சள் போட்டாச்சே, அவங்களும் நிறுத்துவாங்கன்னு நினைச்சேன்.”

10. அதிகாரி எழுதிக்கொண்டார்: ‘பின்னால் கனரக வாகனம் வருவதை அறிந்திருந்தும், தக்க காரணமின்றித் திடீரென வாகனத்தை நிறுத்தி விபத்துக்குக் காரணமானார்.’ தக்க காரணம் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது என்று நான் சொல்லிவிட்டேன். வாய் திறக்கக்கூடாது என்பது நினைவில்லை. அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, “ஏம்மா, ஊரோடினா ஒத்து ஓடணும். எல்லாரும் போறப்போ இவங்க மட்டும் எதுக்கு நின்னாங்க?” என்றார். ஐயா, இந்தக் கேள்வியைத் தங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர், தங்கள் துறையின் மேசையில், தங்கள் துறையின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்தக் கையேட்டின் மேல் அவர் டீ டம்ளர் இருந்தது.

11. இது ஒரு பக்கம். இரண்டு வாரம் கழித்து அதே அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உள்ள காமிராப் பிரிவிலிருந்து இன்னொரு நோட்டீஸ் வந்தது. நாத்தனாரின் வேன் சிவப்பு விளக்கில் நிற்காமல் கோட்டைத் தாண்டிச் சென்றதாகக் குற்றச்சாட்டு. ஆதாரமாகப் படம். படத்தில் வேன் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. மேலே சிவப்பு எரிகிறது. வேனின் முதுகில் லாரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்கதவு திறந்து விரிப்புகள் பறக்கின்றன. ஆக, ஒரே இடத்தில், ஒரே மூச்சில், என் நாத்தனார் நிறுத்தியதும் குற்றம், நிறுத்தாமல் போனதும் குற்றம். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பார்களே, இங்கே இரண்டும் ஒரே மாடு.

12. லிஃப்ட் ஓடவில்லை. நாத்தனாரைத் தரைத்தளத்துப் படியோரம் உட்கார வைத்துவிட்டு நான் இரண்டாம் மாடிக்கு ஏறினேன். “படத்துல வண்டி கோட்டைத் தாண்டி இருக்கா இல்லையா?” என்று அங்கிருந்த பெண் ஊழியர் கேட்டார். இருக்கிறது என்றேன். “விளக்கு சிவப்பா?” சிவப்புதான் என்றேன். “அப்புறம் என்னம்மா?” லாரி பிடித்துத் தள்ளுவதும் படத்தில் இருக்கிறதே என்றேன். “லாரிக்குத் தனியா நோட்டீஸ் போயிருக்கும்” என்றார், எனக்கு அதில் ஒரு ஆறுதல் இருக்கும் என்பதுபோல. வேன் நின்றிருந்தது என்று தரைத்தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதையாவது பாருங்கள் என்றேன். “அது உரிமப் பிரிவு. நாங்க காமிரா.” கீழே இறங்கி வந்தேன். வேன் நிற்கவே இல்லை என்று மேல் மாடியில் சொல்கிறார்கள், அப்படியானால் நிறுத்திய குற்றத்தை நீக்குங்கள் என்றேன். “அது காமிராப் பிரிவு. நாங்க உரிமம்.” மீண்டும் மேலே போனேன். மூன்றாவது முறை ஏறும்போது நாத்தனார், “போதும் அண்ணி, உங்களுக்கு மூச்சு வாங்குது” என்றார். நிறுத்தினேன் என்று அவர் வாதாடினால் கீழ்க் குற்றம் உறுதியாகிறது. நிறுத்தவில்லை என்றால் மேல் குற்றம் உறுதியாகிறது. எது சொன்னாலும் உரிமம் போகிறது.

13. மஞ்சளுக்கு என்னதான் பொருள் என்று அதற்குப் பிறகு நான் கேட்காத ஆள் இல்லை. எங்கள் சந்திப்பில் குடை பிடித்து நிற்கும் போக்குவரத்துக் காவலர், “மஞ்சளாம்மா? அது சும்மா விளக்கு மாறுறதுக்கு” என்றார். விசாரணை கவுண்டரில் உள்ளவர், “ரெடியா இருன்னு அர்த்தம்” என்றார். எதற்கு ரெடி என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “அதான்மா, பொதுவா ரெடி” என்றார். ஓட்டுநர் தேர்வு நடத்தும் ஆய்வாளர் மட்டும் நேர்மையாகப் பதில் சொன்னார். “பரீட்சையில நிக்கணும். ரோட்டுல போகணும். இது தெரியாமயா இத்தனை வருஷம் கிளாஸ் எடுத்தீங்க?” ஐயா, உண்மையிலேயே தெரியாமல்தான் எடுத்தேன்.

14. வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், மனுவில் இதற்கு இடமில்லை என்று தெரிந்தும். என் கணவர் பாடு மத்தளத்தின் பாடு. ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் நான். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒருநாள் வகுப்பறைக்குப் போனபோது டப்பா சிக்னலில் நடு பல்பு மட்டும் கழற்றப்பட்டிருந்தது. மஞ்சள் காகிதமும் இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது. அவர் கைவேலைதான் என்று தெரிந்தது. அதை வைத்துத்தான் இப்போது பாடம் நடத்துகிறேன். கீழ்த்தளத்துச் சலவைக் கடைக்காரர் நல்லவர், வேலையை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். “லைசென்ஸ் இருக்கட்டும், கால் மெதுவா சரியாகட்டும், வேன் எங்கயும் போகாது. லைசென்ஸே போயிட்டா நான் என்னம்மா பண்ண முடியும்?” என்கிறார். பழகப் பழகக் கால் பிரேக் மிதிக்கிற அளவுக்கு மடங்கும் என்று டாக்டரும் சொல்கிறார். ஆக எல்லாம் உரிமத்தில் வந்து நிற்கிறது. இறுதி விசாரணை வரும் பதினெட்டாம் தேதி.

15. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் வேண்டுகிறேன். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிக்கிறேன், எது கிடைத்தாலும் சரி.

(அ) ‘மஞ்சள் விளக்கு எரிந்தால், பத்திரமாக நிறுத்த முடிந்த வாகனம் நிறுத்தப்பட வேண்டும்’ என்ற ஒரு வரியைத் தங்கள் கையொப்பத்துடன் விசாரணை அதிகாரிக்கு அனுப்பவும். புதிதாக எதுவும் எழுத வேண்டாம், கையேட்டில் உள்ளதே போதும். டம்ளரை மட்டும் நகர்த்தச் சொல்லவும்.

(ஆ) அது இயலாதென்றால், இரண்டு குற்றச்சாட்டுகளில் ஏதேனும் ஒன்றை நீக்கவும். எதை வேண்டுமானாலும் நீக்கலாம். மீதமுள்ள ஒன்றோடு மல்லுக்கட்டிப் பார்க்கிறோம்.

(இ) அதுவும் இயலாதென்றால், எல்லாச் சிக்னல்களிலிருந்தும் நடு விளக்கைக் கழற்றிவிடவும். யாரும் கவனிக்கமாட்டார்கள். கவனிக்கிறவர்களுக்குத்தான் அதனால் ஆபத்து.

16. மனுவை இத்துடன் முடித்து, சனிக்கிழமையே உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். நேற்று நடந்த ஒன்றுக்காக உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். துறைக்கு இது தேவைப்படாது. எனக்குத் தேவைப்படுகிறது.

நேற்று மாலை நாத்தனாரைக் கால் பயிற்சிக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பயிற்சிக் கார்தான். ஸ்டியரிங்கில் ஒரு மாணவி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண், அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு. பக்கத்தில் நான். நாத்தனார் பின்னிருக்கையில் காலை நீட்டி, கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விபத்துக்குப் பிறகு அந்தச் சந்திப்பு வழியாக அவரை நான் அழைத்து வந்ததில்லை, சுற்றிக்கொண்டுதான் வருவோம். நேற்று சுற்றுவழியில் சாலை தோண்டியிருந்தார்கள். சந்திப்பு நெருங்கியது. மஞ்சள் விழுந்தது. கோட்டுக்கு நிறைய தூரம் இருந்தது, தாராளமாக நிறுத்தலாம். மாணவியின் கால் பிரேக்குக்குப் போனது. நான் கற்றுக் கொடுத்த கால். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு பேருந்து, கொஞ்சமும் வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால், அதே கண்ணாடியில், என் நாத்தனாரின் முகம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னிருக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

“அக்கா, நிறுத்தட்டுமா?” என்று மாணவி கேட்டாள்.

என் காலடியில் பிரேக் இருந்தது. நான் மிதிக்கவில்லை. “போம்மா, போ, அழுத்து” என்றேன்.

போனோம். பாதிச் சந்திப்பில் தலைக்கு மேல் சிவப்பு விழுந்தது. பேருந்தும் எங்களை ஒட்டியே வந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, குடை பிடித்த காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காமிரா எங்களைப் படம் எடுத்திருந்தால் நோட்டீஸ் அனுப்பவும், கட்டிவிடுகிறேன். பத்தொன்பது ஆண்டில் அந்தச் சந்திப்பை நான் இவ்வளவு சுலபமாகக் கடந்ததில்லை.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு மாணவி சிரித்தாள், பயம் தெளிந்த சிரிப்பு. நாத்தனார் கண்ணைத் திறந்தார். முன்னிருக்கையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்:

“இதை எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாமே அண்ணி.”

17. அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததுதான் சரி என்று சொல்ல எனக்கு இனி வாயில்லை, நேற்று அதை நானே மீறிவிட்டேன். வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். உரிமம் போனாலும் போகட்டும். கோரிக்கை (அ)-வில் கேட்ட அந்த ஒரு வரியைப் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு அனுப்பினாலும் பெற்றுக்கொள்கிறேன். விசாரணைக்கு அது உதவாது. என் நாத்தனாரிடம் படித்துக் காட்டுவேன்.

அந்த வரி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வராது என்பதையாவது தெரிவிக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நாற்சந்தி எதிர்ப்புறம், மாடி
நாள்: 9ஆம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை

இணைப்பு:
1. வாகனத்தை நிறுத்தியதற்கான நோட்டீஸ், நகல்.
2. வாகனத்தை நிறுத்தாததற்கான நோட்டீஸ், நகல்.
3. என் நாத்தனாரின் தேர்வு விடைத்தாள், நகல். மஞ்சள் விளக்கு குறித்த விடைக்குத் தங்கள் துறை முழு மதிப்பெண் வழங்கியுள்ளது.